பழைய பி.எஸ்.ஏ-க்குச் சாமான் தேடுமுன்: முதல்முறை எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டிலுக்குள் கிடந்த பி.எஸ்.ஏ எம்20 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஓடவைக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அதில் பாதிக் காலம் பிழையான சாமான் வாங்கியதிலேயே போனது. "1943 மொடல் எம்20" என்று சொல்லி இங்கிலாந்திலிருந்து முன்சில்லு அச்சு எடுப்பித்தேன். வந்த அச்சு என் வண்டிக்கு ஏறவில்லை. என்ஜின்தான் இரண்டாம் உலகப் போர்க்காலத்தது, முன் போர்க்கும் (சில்லைப் பிடிக்கும் கவை) சில்லும் போருக்குப் பிந்திய டெலஸ்கோப்பிக் மொடலுடையவை. அச்சின் விலை, தபால் கூலி, சுங்கவரி எல்லாம் வீண். அது என் முதல் பார்சல். அடுத்த இரண்டும் இதே கதைதான்.

நான் பிந்திக் கற்றது ஒன்று: வண்டியின் பெயரைச் சொல்லிச் சாமான் கேட்கக்கூடாது. நம்பரையும் அளவையும் சொல்லிக் கேட்கவேண்டும். நம் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் பிரிட்டிஷ் வண்டிகள் அறுபது, எழுபது வருடம் ஓடியவை. எத்தனையோ கை பட்டு, கிடைத்த சாமானைப் போட்டு ஓடவைத்தவை. டாங்கில் எழுதியிருக்கும் பெயரை வைத்து உள்ளே இருப்பதைத் தீர்மானிக்க முடியாது. நான் பழகியது பி.எஸ்.ஏ என்பதால் உதாரணங்கள் அதிலிருந்துதான். ட்ரையம்ப், நோர்ட்டன், மெச்லஸ் வைத்திருப்பவர்களுக்கும் வேலை முறை இதுவே.

1. முதலில் புத்தகம், பிறகு விலை

சாமான் பற்றிச் சொல்ல வந்துவிட்டுப் பதிவுப் புத்தகத்தில் தொடங்கக் காரணம் இருக்கிறது. எந்த என்ஜினும் எந்தப் பிரேமும் அந்த வண்டியில் இருக்கவேண்டும் என்று சொல்வது அந்தப் புத்தகம். அதில் உள்ள இரண்டு நம்பரும் வண்டியில் இல்லையென்றால், நீங்கள் எவ்வளவு அழகாக வேலை செய்தாலும் றோட்டில் ஓட்ட முடியாது.

நான் முதலில் பார்த்த வண்டி வேறு. வந்தாறுமூலைப் பக்கம். வண்டி நல்ல நிலையில் இருந்தது. புத்தகத்தைக் கேட்டேன். "அது புயலோட போயிற்று மனே" என்றார் ஐயா. 1978 புயலில் போனவை, சுனாமியில் போனவை, இடம்பெயர்ந்தபோது விட்டுவந்தவை என்று புத்தகமில்லாத வண்டிகள் இங்கே நிறைய உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நான் வாங்கவில்லை. அப்படியான வண்டியைச் சாமானுக்காக மட்டும், சாமான் விலைக்கு மட்டும் வாங்கலாம்.

புத்தகம் இருந்தால் இவற்றைப் பாருங்கள்:

பதிவுச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா, கையொப்பம் வைக்க வருவாரா? இல்லையென்றால் வாரிசுகளின் சம்மதக் கடிதம், மரணச் சான்றிதழ் எல்லாம் சேர்க்கவேண்டி வரும். இந்தக் கடிதங்களை விலை பேசும் நாளிலேயே கேளுங்கள். சல்லி கைமாறிய பிறகு யாரும் கையொப்பத்துக்கு அலைய மாட்டார்கள்.

வெறும் கையொப்பம் வைத்த மாற்றப் படிவங்கள், அதாவது ஓபின் பேப்பர், ஐந்தாறு கை மாறி வந்திருந்தால் கவனம். நடுவில் யாராவது ஒருவர் பழைய படிவத்தைத் தொலைத்திருந்தால் சங்கிலி அறுந்துவிடும்.

நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் பதிவு விபரம் எடுக்கலாம். புத்தகத்தில் உள்ளதும் திணைக்களத்தில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்ரீ நம்பருக்கு முந்திய, ஆங்கில எழுத்து நம்பர் வண்டிகளுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். கையால் எழுதிய காலத்துப் பதிவுகளில் ஓர் எழுத்து மாறியிருப்பது சாதாரணம். என் புத்தகத்தில் "டபிள்யூ.எம்.20" என்பதில் டபிள்யூ விடுபட்டு வெறும் "எம்.20" என்றுதான் இருந்தது. அதைத் திருத்த இரண்டு முறை கொழும்புக்குப் போய் வந்தேன். இரவு பஸ்ஸில் போய், காலையில் வேலையை முடித்து, அடுத்த இரவு திரும்பலாம். ஆனால் மூலப் புத்தகம், அடையாள அட்டை, நம்பரின் தெளிவான படம், எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டோக் கொப்பி இல்லாமல் போகாதீர்கள்.

2. நம்பரைக் கிரைண்டர் வைக்காமல் வாசியுங்கள்

பி.எஸ்.ஏ ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் என்ஜின் நம்பர் இடது பக்கக் கிராங்கேஸில் (என்ஜினின் அடிக்கூடு), சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே அடித்திருக்கும். பிரேம் நம்பரை ஸ்டியரிங் தலைப் பக்கத்திலும், முன் குழாயில் என்ஜின் பிடிக்கும் இடத்திலும் தேடுங்கள். பல அடுக்குப் பெயின்டுக்கும் கறளுக்கும் அடியில் இருக்கும்.

மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டு நைலோன் பிரஷால் தேயுங்கள். பெயின்ட் கழற்றும் திரவம் போடலாம். கிரைண்டர், கம்பிச் சில்லு, மணல் வீசுதல் மூன்றும் வேண்டாம். நம்பரின் ஆழம் கொஞ்சம்தான். ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வராது. சுத்தமானதும் வெள்ளைச் சோக்கைத் தேய்த்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள்.

எழுத்துகள் ஏறி இறங்கி, அளவு மாறி, அடியில் இரும்பு சீவிய அடையாளத்தோடு இருந்தால் பிறகு யாரோ அடித்த நம்பர். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். "நம்பர் தேய்ஞ்சிருக்கு, நான் அடிச்சுத் தாறன்" என்று ஒரு பட்டறையில் எனக்கும் சொன்னார்கள். அது குற்றம். பொலிஸில் மாட்டினால் வண்டியும் போகும், நீங்களும் வழக்குக்கு அலைவீர்கள்.

புதியவர்கள் தடுமாறும் இன்னோர் இடம் இதுதான். என்ஜின் நம்பரும் பிரேம் நம்பரும் ஒன்றாக இல்லாவிட்டால் பிழை என்று நினைக்கிறார்கள். 1950களின் ட்ரையம்ப் என்றால் அந்தச் சந்தேகம் சரி. அவற்றில் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். எம்20 காலத்துப் பி.எஸ்.ஏ-க்களிலும், ஏ.ஜே.எஸ், மெச்லஸ் வண்டிகளிலும் தொழிற்சாலையிலிருந்தே இரண்டும் வெவ்வேறு. இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப் போனால் போதும்.

3. உங்கள் வண்டி எத்தனை வண்டி என்று கண்டுபிடியுங்கள்

ஒரு கொப்பி எடுங்கள். என்ஜின், பிரேம், முன் போர்க், கியர்பொக்ஸ், முன்சில்லு, பின்சில்லு, டாங்க், காபரேட்டர், மெக்னீட்டோ (பிளக்குக்குத் தீப்பொறி தருவது) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொன்றும் எந்த மொடல், எந்தக் காலம் என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்காதீர்கள். நான் அச்சை இழந்தது இந்தப் பிழையால்தான்.

எம்20 1937 முதல் 1955 வரை வந்தது. "டபிள்யூ.எம்.20" என்று தொடங்கும் என்ஜின் போர்க்காலத்தது. "இசட்.எம்.20" போருக்குப் பிந்தியது. போர்க்கால வண்டிகளில் முன் போர்க் கேர்டர் வகை: வெளியே ஒரு பெரிய ஸ்பிரிங் தெரியும். குழாய்க்குள் குழாய் வழுக்கும் டெலஸ்கோப்பிக் போர்க் 1940களின் கடைசியில்தான் இந்த மொடலுக்கு வந்தது. பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத பிரேமா, அச்சின் இரு பக்கமும் குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்த பிளஞ்சர் பிரேமா என்றும் பாருங்கள். பிளஞ்சர் 1950களில் வந்தது.

இராணுவ வண்டிகளைப் படைப் பட்டறைகளில் மொத்தமாகக் கழற்றி மொத்தமாகப் பூட்டியிருக்கிறார்கள். அதனால் என்ஜினும் பிரேமும் இரண்டும் போர்க்காலத்தவையாக இருந்தாலும் ஒரே வண்டியில் பிறந்தவை என்று சொல்ல முடியாது. அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம்.

என்ஜினைத் திறந்ததும் சிலிண்டரின் விட்டத்தை அளந்து பாருங்கள். எம்20 என்றால் 82 மி.மீ. விட்டம், 94 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 496 சி.சி. பி.எஸ்.ஏ-யின் மற்ற மொடல்கள் இப்படி: எம்21 என்றால் 82-க்கு 112. பி31 என்றால் 71-க்கு 88. பான்டம் டி1 என்றால் 52-க்கு 58. சிலிண்டரை முன்பு போர் பண்ணியிருந்தால், அதாவது உள்ளே கடைந்து அகலப்படுத்தியிருந்தால், விட்டம் கொஞ்சம் கூடியிருக்கும், ஸ்ட்ரோக் மாறாது. எனவே ஸ்ட்ரோக்கை நம்புங்கள். பிளக் ஓட்டைக்குள் சைக்கிள் கம்பி விட்டு அளக்கலாம் என்பார்கள். எம்20 போன்ற, வால்வ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உள்ள சைட் வால்வ் என்ஜினில் பிளக் பிஸ்டனுக்கு நேர் மேலே இருக்காது என்பதால் அது சரிவராது. சிலிண்டர் தலையைக் கழற்றித்தான் அளக்கவேண்டும்.

இங்கிலாந்தின் வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பும் பி.எஸ்.ஏ உரிமையாளர் கிளப்பும் கட்டணம் வாங்கிக்கொண்டு நம்பரை வைத்து வருடத்தை உறுதிப்படுத்திக் கடிதம் தருவார்கள். விலையுயர்ந்த சாமான் வாங்குமுன் இதைச் செய்துவிடுங்கள்.

4. கழற்றும்போது

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றுமுன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். ஓர் இடத்துப் போல்ட், நட், வோஷர் ஒரு பையில்; பைக்குள் ஒரு துண்டு. துண்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எண்ணெயில் கரைந்துவிடும். ஸ்டியரிங் தலையைக் கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள். உள்ளே கூடில்லாத இரும்புக் குண்டுகள் இருக்கும், சிதறும். உடைந்ததையும் வீசாதீர்கள். அளவு எடுக்க அதுதான் மாதிரி.

வாவிக்காற்றில் வெறும் இரும்பு இரண்டு இரவில் கறள் பிடிக்கும். கழுவியவுடன் பழைய என்ஜின் எண்ணெய் பூசி, பேணியில் மூடி வையுங்கள்.

5. மரை: அதிகச் சல்லியும் அதிகச் சாமானும் போகும் இடம்

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். என் கிராங்கேஸில் இரண்டு ஓட்டையின் மரை இதனால்தான் போனது.

இன்று நம் கடைகளில் கிடைக்கும் போல்ட் மெட்ரிக். உங்கள் வண்டியில் உள்ளவை அங்குல மரை. அதிலும் ஒரே வகை இல்லை. விற்வேர்த் தடித்த மரை, பி.எஸ்.எப். மெல்லிய மரை, சைக்கிள் மரை எனப்படும் சி.இ.ஐ. என மூன்றும் ஒரே வண்டியில் இருக்கும். முதல் இரண்டின் மரைக் கோணம் 55 பாகை, சி.இ.ஐ-யின் கோணம் 60 பாகை. ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்பது இப்படி:

1/4 அங்குலப் போல்ட்: விற்வேர்த் 20, பி.எஸ்.எப். 26, சி.இ.ஐ. 26.
5/16 அங்குலப் போல்ட்: விற்வேர்த் 18, பி.எஸ்.எப். 22, சி.இ.ஐ. 26.
3/8 அங்குலப் போல்ட்: விற்வேர்த் 16, பி.எஸ்.எப். 20, சி.இ.ஐ. 26.

இதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இனி நாம் மாட்டிக்கொள்ளும் பொறிகளைச் சொல்கிறேன்.

முதல் பொறி, 6 மி.மீ. போல்ட். அதன் மரை இடைவெளி 1 மி.மீ.; அங்குலத்துக்குக் கணக்குப் பார்த்தால் 25.4 மரை. 1/4 அங்குலச் சி.இ.ஐ. ஓட்டைக்கு 26. அதனால் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், பிடிப்பது போலவும் இருக்கும். ஆனால் 1/4 அங்குலம் என்பது 6.35 மி.மீ. போல்ட் மெலிவு என்பதால் மரையின் நுனி மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். இறுக்கினால் அலுமினிய மரையை உரித்துக்கொண்டு வரும். என் கிராங்கேஸில் நடந்தது இதுதான்.

இரண்டாவது பொறி, டிராக்டர் போல்ட். அம்பாறை, மட்டக்களப்பு இரண்டு பக்கமும் மசி பெர்குசன் திருத்தும் கராஜ்களில் அங்குலப் போல்ட் டப்பா நிறைய இருக்கும். "இதுவும் இங்கிலிஷ் போல்ட்தான், கொண்டு போங்க தம்பி" என்று அன்போடு தருவார்கள். அது யூ.என்.எப். என்ற வேறோர் அங்குல மரை, 5/16-இல் அங்குலத்துக்கு 24. உங்கள் சி.இ.ஐ. ஓட்டை 26. மூன்று சுற்றுப் போய் இறுகும். அதற்கு மேல் ஸ்பானர் வைத்தால் ஓட்டை போயிற்று. எப்போதும் கையால் சுற்றிப் பாருங்கள். கடைசிவரை விரலாலேயே போகவேண்டும்.

மூன்றாவது, ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட். இரு முனையிலும் வேறு வேறு மரை இருக்கலாம். அலுமினியத்துக்குள் இறங்கும் முனை தடித்த மரையாகவும், நட் ஏறும் முனை மெல்லிய மரையாகவும் செய்வார்கள். ஒரு முனையை அளந்துவிட்டு மற்றதும் அதுதான் என்று லேத்தில் கொடுக்காதீர்கள். சில இடங்களில் இடது மரையும் உண்டு, முக்கியமாகச் சில்லுப் பேரிங்கைப் பிடிக்கும் வளையங்களில். இறுகிப் போயிருக்கிறது என்று உளி வைத்து அடிக்குமுன் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

அளப்பதற்கு ஒரு மரை கேஜ் வாங்குங்கள். 55 பாகை இலைகளும் 60 பாகை இலைகளும் உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். கடைகளில் கிடைப்பது அநேகமாக மெட்ரிக். அடிமட்டம் வைத்து எண்ணலாம்தான், ஆனால் அரை அங்குலத்தில் 12 மரையா 13 மரையா என்று கண்ணால் எண்ணிப் பிழைவிட்டவன் நான். கேஜ் இல்லாத அவசரத்துக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பழைய போல்ட்டை மாதிரியாக வைத்துக்கொண்டு, இரண்டையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது வேறு மரை.

ஸ்பானரிலும் ஒரு குழப்பம். விற்வேர்த் ஸ்பானரில் அடித்திருப்பது போல்ட்டின் விட்டம், வாயின் அகலம் இல்லை. 1/4 என்று அடித்த ஸ்பானரின் வாய் 13.3 மி.மீ. அதனால் 13 ஏறாது, 14 வழுக்கும். 3/16 என்றால் 11.3, 5/16 என்றால் 15.2, 3/8 என்றால் 18 மி.மீ. இதில் 3/8-க்கு மட்டும்தான் உங்கள் 18 ஸ்பானர் உதவும். 14 ஸ்பானரால் தலை உருண்ட நட்டுகள் நம் ஊர் வண்டிகளில் நிறைய. விற்வேர்த் ஸ்பானர் நான்கைந்து இருந்தால் போதும். கல்முனையில் ஒரு பழைய இரும்புக்கடையில் கிலோ விலைக்கு எடுத்தேன். கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் தேடினால் கிடைக்கும்.

ஒரு போல்ட் செற் முழுவதையும் சரியான மரையில் எடுப்பிக்க எனக்கு முடிந்த செலவு, உரிந்த இரண்டு ஓட்டையை வெல்டிங் வைத்து மீண்டும் மரை போட்ட செலவை விடக் குறைவு.

6. பேரிங், செயின், பிஸ்டன்

பழைய பேரிங்கின் ஓரத்தில் எழுத்து இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி வாசியுங்கள். ஆர்.எம்.எஸ்.8, எம்.ஜே.1 என்ற இரண்டும் ஒரே அளவுக்கு வெவ்வேறு கம்பனிகள் வைத்த பெயர்: உள்விட்டம் 1 அங்குலம், வெளிவிட்டம் 2 1/2, அகலம் 3/4. ஆர்.எல்.எஸ்.8, எல்.ஜே.1 என்றால் 1 அங்குலம், 2 1/4, 5/8. கடையில் பழைய பேரிங்கைக் காட்டினால் 6305 தருவார்கள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதன் அளவு 25, 62, 17 மி.மீ. உங்கள் அச்சு 25.4 மி.மீ., அதற்கு ஏறாது. "அச்சைக் கொஞ்சம் சீவினால் ஏறும்" என்று சொல்லும் லேத்துக்காரரிடம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அச்சைச் சீவினால் இனி எந்தக் காலத்திலும் சரியான பேரிங் அதில் நிற்காது.

செயினில் ஒரு நல்ல செய்தி: செயின் எப்போதுமே அங்குல அளவுதான். 4-இல் தொடங்கும் நம்பர், 428 போல, பிட்ச் (ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைத் தூரம்) அரை அங்குலம். 5-இல் தொடங்குவது 5/8 அங்குலம். அகலத்தையும் பாருங்கள்: 520 என்றால் 1/4 அங்குலம், 530 என்றால் 3/8. ஸ்பொக்கட்டின் பல் தடிப்பை வேர்னியரால் அளந்துகொண்டு போனால் இங்கேயே வாங்கலாம். ஸ்பொக்கட்டின் பற்களையும் எண்ணி எழுதுங்கள். சைட்கார் இழுத்த வண்டி என்றால் என்ஜின் பக்கத்து ஸ்பொக்கட் சிறிதாக இருக்கலாம். தனி வண்டியாக ஓட்டும்போது என்ஜின் வீணாகக் கத்தும்.

பிஸ்டன் தலையில் 020, 040, 060 என்று அடித்திருந்தால் அது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 020 என்றால் ஏறக்குறைய அரை மி.மீ. கூடுதல். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்த பிறகுதான் அடுத்த அளவைத் தீர்மானிக்க வேண்டும். பிஸ்டனைக் கையில் எடுத்த பிறகு போர் பண்ணக் கொடுங்கள். முதலில் போர் பண்ணிவிட்டுப் பிஸ்டன் தேடினால், அந்த அளவு கிடைக்காமல் சிலிண்டர் சும்மா கிடக்கும். பி31-க்கு என்பீல்ட் புல்லட் பிஸ்டன் சரிவரும் என்று ஒருவர் சொன்னார். புல்லட்டின் விட்டம் 70 மி.மீ., பி31-க்கு 71. கேட்பதற்கு முன் அளவு தெரிந்திருந்தால் இப்படிப் பேச்சுக்கு ஏமாற வேண்டியதில்லை.

ரயர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3.25-19 புல்லட்டுக்கும் வருவதால் கிடைக்கும். ரிம் வாங்கினால் கம்பி ஓட்டையை எண்ணி வாங்குங்கள்.

7. காபரேட்டரும் மெக்னீட்டோவும்

அமால் காபரேட்டரின் உடலில் நம்பர் அடித்திருக்கும். 274, 275, 276, 289 என்று தொடங்கினால் பழைய, பெற்றோல் கிண்ணம் தனியாக உள்ள வகை. 375, 376, 389 என்றால் 1955 அளவில் வந்த மோனோபுளொக். 6 அல்லது 9-இல் தொடங்கினால் 1967-இல் வந்த கொன்சென்ட்ரிக். அதில் பின் இரண்டு இலக்கம் வாயின் மி.மீ. அளவு, 626 என்றால் 26, 930 என்றால் 30. சாய்கோட்டுக்குப் பிறகு வரும் எண்தான் எந்த வண்டிக்கு எந்த ஜெட், எந்த ஸ்லைட் என்று சொல்லும். அதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு வகையின் ஜெட் மற்ற வகைக்குப் பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள்.

லூக்காஸ் மெக்னீட்டோ, டைனமோ இரண்டிலும் மொடல் எழுத்தும், செய்த மாதமும் வருடமும் அடித்திருக்கும். சுற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறியும் உண்டு. அந்தத் திசையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். எதிர்த் திசைக்குச் செய்ததை அப்படியே பூட்ட முடியாது. குளிரில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் நின்று, ஆறினால் மீண்டும் ஓடும் வண்டியில் பெரும்பாலும் மெக்னீட்டோவின் கொன்டென்சர் அல்லது ஆமேச்சரின் கம்பிச்சுற்று பழுது. காபரேட்டரைக் கழற்றிக் கழற்றிக் கழுவி நான் இழந்த மாதங்களை நீங்கள் இழக்கவேண்டாம். ஆமேச்சரை மீண்டும் சுற்றும்போது கொன்டென்சரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதே வேலைக்கு மறுபடி கூலி கொடுப்பீர்கள்.

8. சாமான் நம்பரை வாசிக்கும் விதம்

உங்கள் வருடத்துக்கான படம் போட்ட சாமான் புத்தகம், அதாவது பார்ட்ஸ் லிஸ்ட், ஒன்றை எப்படியாவது எடுத்துவிடுங்கள். மறுபதிப்புகள் விற்கின்றன. நான் செலவழித்ததிலேயே அதிகம் பயன் தந்த சல்லி அது.

பி.எஸ்.ஏ நம்பரில் கோட்டுக்கு முன் உள்ள இலக்கம், அந்தச் சாமான் முதலில் எந்தக் குடும்பத்துக்குச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். 90 என்றால் பான்டம். 67 என்றால் ஏ7, ஏ10 இரட்டைச் சிலிண்டர். 65 பி குடும்பம், 66 எம் குடும்பம். ஆனால் எம்20-இன் புத்தகத்தில் 65-உம் வரும், இன்னும் பழைய 24-உம் வரும். தொழிற்சாலை ஒரே சாமானைப் பல வண்டிக்குப் போட்டிருக்கிறது. இது உங்களுக்கு லாபம். பி31-இலிருந்து கழற்றியதாக விற்கும் கியர்பொக்ஸ் சாமானின் நம்பர் உங்கள் புத்தகத்து நம்பரோடு ஒன்றென்றால் தயங்காமல் வாங்கலாம்.

வார்ப்பில் மேடாகத் தெரியும் எண் வேறு, சாமான் நம்பர் வேறு. மேடாக இருப்பது வார்ப்பு அச்சின் எண். அதே வார்ப்பு அச்சில் வார்த்து, வேறு விதமாகக் கடைந்து வேறு சாமானாக்கியிருப்பார்கள். அந்த எண்ணை மட்டும் அனுப்பி "இது வேண்டும்" என்று கேட்டதில் என் இரண்டாவது பார்சல் பிழையாகிப் போனது.

9. வாங்கும் ஒழுங்கு, செலவு, காலம்

விற்பவருக்கு எழுதும்போது நான்கு விபரம் அனுப்புங்கள்: சாமான் நம்பர், அந்தப் பகுதி எந்த மொடலின் எந்த வருடத்தது என்பது, வேர்னியரின் வாய்க்குள் வைத்த படம், பக்கத்தில் அடிமட்டம் வைத்த படம். நல்ல விற்பனைக்காரர் இதைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு இது சரிவராது" என்று அவரே சொல்வார். எனக்கு ஒருவர் அப்படிச் சொல்லி ஒரு செற் கியர் காசை மிச்சப்படுத்தினார்.

முதலில் மெக்னீட்டோவும் என்ஜின் உள்சாமானும். பிறகு கியர்பொக்ஸ், சில்லு. டாங்க், மட்கார்ட், பட்ஜ் எல்லாம் கடைசி. பளபளப்பான டாங்க் வாங்கி மேசையில் வைத்தவர்கள் பலர் என்ஜினுக்குச் சல்லியில்லாமல் வண்டியை விற்றதைப் பார்த்திருக்கிறேன்.

சின்னச் சின்னதாகப் பத்துப் பார்சல் எடுப்பதை விட, பட்டியல் போட்டு இரண்டு பார்சலாக எடுங்கள். எனக்குச் சில பார்சலில் தபால் கூலி சாமான் விலைக்குக் கிட்ட வந்தது. அதற்கு மேல் சுங்கவரியும் 18 வீத வற் வரியும் உண்டு. விலைப் பட்டியலை, அதாவது இன்வொய்ஸை, பார்சலுக்கு வெளியே ஒட்டவும் உள்ளே ஒன்று வைக்கவும் சொல்லுங்கள். அது இல்லாததால் என் பார்சல் ஒன்று மூன்று வாரம் தேங்கியது. இங்கிலாந்திலிருந்து வர மூன்று முதல் ஆறு வாரம் என்று வையுங்கள். பாவித்த என்ஜின், பிரேம் போன்றவற்றுக்குக் காசு கட்டுமுன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். என்ஜினை மாற்றினால் பதிவிலும் மாற்றவேண்டும். அதற்கு வாங்கிய பற்றுச்சீட்டு தேவைப்படும்.

எல்லாவற்றையும் வெளியிலிருந்து எடுக்கத் தேவையில்லை. வெண்கல புஷ், ஸ்பேசர், சாதாரண ஸ்டட் போன்றவற்றை நம் லேத் பட்டறைகளில் அருமையாகச் செய்வார்கள். மாதிரியைக் கொடுத்து "இதே போல" என்று சொல்லாதீர்கள், மாதிரியே தேய்ந்ததுதானே. அளவை எழுதிக் கொடுங்கள். சில்லு அச்சு, பிரேக் கம்பி, போர்க் ஸ்டெம் மூன்றையும் மட்டும் கண்ட இரும்பில் செய்விக்காதீர்கள். அவை உடைந்தால் உயிருக்கு ஆபத்து.

பெயின்ட் வேலையை மாரிக்கு முன் முடியுங்கள். ஐப்பசி கழிந்தால் காற்றில் ஈரம் ஏறிவிடும். நான் கார்த்திகையில் அடித்த மட்கார்ட் பொங்கலுக்குள் கொப்பளித்தது.

10. றோட்டில் இறக்குமுன்

காப்புறுதி, புகைப் பரிசோதனை, பிறகு பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம். பல வருடம் கட்டாமல் கிடந்த வண்டி என்றால் நிலுவையைப் பற்றி வாங்குவதற்கு முன்பே கந்தோரில் விசாரியுங்கள். அதையும் விலையில் கழிக்கலாம். நிறத்தை மாற்றியிருந்தால் புத்தகத்திலும் மாற்றவேண்டும். பழைய நிறத்திலேயே அடித்தால் அந்த அலைச்சல் இல்லை.

முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லா நட்டையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். அதுவரை கல்லடிப் பாலம் தாண்டித் தூரம் போகவேண்டாம். அதன் பிறகு எங்கே போனாலும் 3/16, 1/4, 5/16 விற்வேர்த் ஸ்பானர் மூன்றையும் சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டு போங்கள். வழியில் நின்றால் கராஜில் கிடைக்கப் போவது 13-உம் 14-உம்தான்.